கியானாட், சபோ, நாசவேலை: மூன்றும் ஒரே வார்த்தைதானா?

மிளகாய்க்காரி

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். கேள்வி ஒரு வார்த்தையைப் பற்றியதுதான், ஆனால் அந்த வார்த்தையால் எங்கள் வீட்டில் மூன்று வாரமாக ஒருவரோடு ஒருவர் சரியாகப் பேசிக்கொள்வதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அண்ணன் ஊருக்கு வெளியே, பழைய தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து மிளகாய் போட்டிருக்கிறார். மண்ணில் இல்லை, பையில். தேங்காய்மட்டைத் தூளை நிரப்பி, ஒவ்வொரு பைக்கும் மெல்லிய கறுப்புக் குழாய் வைத்து உரத்தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் முறை. போன மாதம் ஒரு ராத்திரி யாரோ உள்ளே புகுந்து குழாய்களை அறுத்துவிட்டார்கள். ஒரு மிளகாய் பறிக்கவில்லை, மோட்டாரைத் தொடவில்லை, உர மூட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. வரிசையாக நடந்துபோய் நாலு பைக்கு ஒரு இடத்தில் கத்தியை வைத்து ஒரே இழுப்பு. காலையில் மோட்டார் தானாக ஓடித் தண்ணீரெல்லாம் வரிசைக்கு நடுவில் போய்விட்டது. அண்ணன் அன்று ஈப்போவில் இருந்தார். மத்தியானம் வந்து பார்த்தபோது செடிகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. பையில் வளரும் செடிக்கு ஒதுக்கி வைத்த ஈரம் அதிக நேரம் தாங்காது, குழாய் நின்றால் வாடிவிடும்.

போலீஸில் ரிப்போட் செய்தோம். இரண்டு நாள் கழித்து விசாரித்தபோது அதிகாரி, "இது கியானாட் கேஸ், 427" என்றார். அண்ணனுக்குத் தெரிந்த கியானாட் என்றால் துரோகம். கம்பத்தில், அதாவது கிராமத்தில், மலாய்க்காரர்களோடு வளர்ந்தவர், கூட இருந்தே குழி பறித்தவனைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்கிறார். தோட்டத்தில் அவரோடு வேலை செய்வது அண்ணியின் தம்பி மட்டும்தான். "போலீஸே கூட இருந்தவன் செய்தது என்று எழுதிவிட்டது" என்று அண்ணன் அன்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். அந்தப் பையன் எழுந்து போனவன் இன்னும் வரவில்லை. அண்ணி அண்ணனுக்குச் சோறு போடுகிறார், பேசுவதில்லை.

என் மகள் படிவம் மூன்று படிக்கிறாள். அவள் சொல்வது, "யாரோ சபோ பண்ணிட்டாங்கம்மா". அந்த வார்த்தையைப் பற்றி வகுப்பில் ஒரு கதையும் கேட்டிருக்கிறாள்: பிரெஞ்சுத் தொழிலாளர்கள் கோபத்தில் தங்கள் மரச்செருப்பைக் கழற்றி இயந்திரத்துக்குள் எறிந்து உடைத்தார்களாம், அதிலிருந்து வந்ததாம். இது உண்மையா? தமிழில் பத்திரிகைக்காரர்கள் நாசவேலை என்று எழுதுகிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா? முக்கியமாக, கியானாட் என்று எழுதினால் கூட இருந்தவன் செய்தது என்று அர்த்தமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோர்ட்டு வாசல்

தங்கச்சி, முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. இல்லை. அப்படி அர்த்தமே இல்லை. இதை இன்றைக்கே அண்ணனிடம் சொல்லுங்கள்.

நான் பல வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். இந்த வார்த்தையால் குழம்பிப்போய் நின்றவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். நம் குற்றவியல் சட்டத்தின் 425ஆவது பிரிவில் வரும் கியானாட், நம் ஊர்ப் பேச்சில் வரும் கியானாட் இல்லை. ஒருவருக்கு நஷ்டம் வரவேண்டும் என்ற எண்ணத்தோடு, அல்லது வரும் என்று தெரிந்தே, ஒரு பொருளை அழிப்பது, அல்லது அதன் மதிப்போ பயனோ குறையும்படி அதை மாற்றிவிடுவது, அவ்வளவுதான் அது. யார் செய்தார், உறவா அந்நியரா, கூட வேலை செய்தவரா, வழியில் போனவரா என்பதைப் பற்றி அந்தப் பிரிவு வாயே திறக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவன் உங்கள் காடியின், அதாவது காரின், கண்ணாடியைக் கல்லால் அடித்தாலும் போலீஸ் எழுதுவது கியானாட்தான்.

அப்படியானால் ஏன் இந்த வார்த்தை என்று கேட்பீர்கள். இந்தச் சட்டம் இங்கே பிறந்தது இல்லை. 1860இல் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதியது, அங்கேயும் 2024இல் புதுச் சட்டம் வரும் வரைக்கும் இதே 425தான். ஆங்கிலத்தில் அதற்கு வைத்த சொல் 'மிஸ்சீஃப்', குழந்தை குறும்பு செய்தாலும் சொல்வார்களே, அதே சொல். மலாயில் சட்டத்தைத் தந்தபோது அந்த இடத்தில் கியானாட் வந்து உட்கார்ந்தது. அரபியிலிருந்து மலாய்க்கு வந்த சொல் அது, அரபியில் அதற்கு நம்பிக்கைத் துரோகம் என்றுதான் பொருள், உங்கள் அண்ணன் சொல்வது அந்த வகையில் சரி. ஆனால் சட்டத்தில் நம்பிக்கைத் துரோகத்துக்கு வேறு பெயர் இருக்கிறது. பெச்சா அமானா. அது 405ஆவது பிரிவிலிருந்து தொடங்குகிறது. நம்பி ஒப்படைத்த பணத்தையோ பொருளையோ எடுத்துக்கொள்வது அது. போலீஸ் உங்கள் அண்ணியின் தம்பியை நினைத்திருந்தால்கூட 427 என்ற எண்ணிலிருந்து அதை நீங்கள் படித்துவிட முடியாது, ஏனென்றால் அந்த எண் சொல்வது நஷ்டம் 25 வெள்ளியோ (ரிங்கிட்) அதற்கு மேலோ என்பதை மட்டும்தான்.

இன்னொன்று. 430ஆவது பிரிவு பாசனத் தண்ணீரைக் குறைக்கிற மாதிரி சேதம் செய்வதைத் தனியாகவே சொல்கிறது. உங்கள் கேஸில் அறுத்தது குழாய், நின்றது பயிருக்குப் போகும் தண்ணீர். விசாரணை அதிகாரியிடம் இதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முடிவு அவர்கள் கையில், ஆனாலும் கேட்பதில் தப்பில்லை.

படிவம் ஐந்து

அக்கா, எங்கள் பள்ளியில் சபோ என்றால் உடைப்பது நொறுக்குவது இல்லை. வீட்டுப்பாடம் செய்யாத நாளில் கூட்டாளி வேண்டுமென்றே ஆசிரியரிடம், "டீச்சர், இவன்கிட்ட கேளுங்க" என்று கையைக் காட்டுவான் பாருங்கள், அதுதான் சபோ. தெரிந்தவன் மட்டும்தான் சபோ பண்ண முடியும். தெரியாதவன் செய்தால் அதை யாரும் சபோ என்று சொல்ல மாட்டோம். சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தி பிள்ளைகளும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

நூலக மூலை

மேலே தம்பி சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கே திரும்பி வருகிறேன்.

செருப்பை எறிந்த கதை எனக்கும் சின்ன வயதில் மிகவும் பிடித்த கதை. ஆனால் அப்படி நடந்ததற்கு ஆதாரம் கிடையாது. இயந்திரத்தை உடைத்தவர்கள் இருந்தார்கள், அது உண்மை. 1811இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பக்கத்தில் பின்னலாடைத் தொழிலாளர்கள் கூட்டமாகப் போய்த் தறிகளை உடைத்தார்கள், மறு வருடமே அதற்குத் தூக்கு என்று சட்டம் வந்தது. ஆனால் அவர்கள் கையில் இருந்தது சம்மட்டி. அவர்களை யாரும் அப்போது சபோத்தாஜ் (உங்கள் மகள் சொன்ன சபோவின் முழுச்சொல்) செய்தவர்கள் என்று சொல்லவும் இல்லை, ஆங்கிலத்தில் அந்தச் சொல்லே அப்போது கிடையாது.

செருப்பு மட்டும் உண்மை. பிரெஞ்சில் மரத்தைக் குடைந்து செய்த செருப்புக்குப் பெயர் 'சபோ'. எழுத்தில் கடைசியில் ஒரு மெய் இருக்கும், வாயில் வராது. ஆக உங்கள் மகளும் அவள் கூட்டாளிகளும் சபோத்தாஜ் என்பதை வெட்டிச் சுருக்கி வைத்திருக்கும் சபோ, சுற்றிக்கொண்டு போய் அந்தச் செருப்பின் பெயரிலேயே நிற்கிறது. இதை முதலில் கவனித்த அன்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

எங்கள் பாட்டியிடம் ஒரு கட்டைச் செருப்பு இருந்தது, மேலே ஒரு ரப்பர் பட்டை ஆணி அடித்திருக்கும். விடியற்காலையில் குழாயடிக்கு அதைப் போட்டுக்கொண்டு சிமெண்டுத் தரையில் போனால் லயத்தில் ஒருவர் தூங்க முடியாது, டொக் டொக் என்று கடைசி வீடு வரை கேட்கும். அதைப் போட்டுக்கொண்டு வேகமாகவும் நடக்க முடியாது, மெதுவாகவும் நடக்க முடியாது. பிரெஞ்சுக்காரன் 'சபோத்தே' என்று சொன்னது முதலில் இந்த நடையைத்தான். மரச்செருப்போடு டொக்கு டொக்கென்று நடப்பது. அதிலிருந்து, ஒரு வேலையை மரச்செருப்புக் காலோடு செய்த மாதிரி, அவசரமாக, அலங்கோலமாக, ஏனோதானோ என்று செய்வது. தையல்காரன் கோணல்மாணலாகத் தைத்துக் கொடுத்தால் அதற்குப் பெயர் சபோத்தே. இதுவரைக்கும் இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, சோம்பலும் கைத்திறன் இல்லாமையும்தான்.

கெட்ட எண்ணம், இல்லை, எண்ணம் என்றே சொல்கிறேன், அது எப்போது உள்ளே வந்தது என்றால் தொழிலாளர் இயக்கம் அந்தச் சொல்லைக் கையில் எடுத்தபோது. 1889இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் வயல்காட்டு ஆட்களைக் கொண்டுவந்து வேலையை ஓட்டினார்கள், நிறுத்தம் தோற்றது. திரும்ப வேலைக்குப் போகும்போது சங்கத்தில் சொன்னது இதுதான்: அந்த வயல்காட்டு ஆட்களுக்குக் கப்பலில் நிற்கவே தெரியாது, பாதிச் சரக்கைக் கீழே போட்டார்கள், ஆனாலும் முதலாளிகள் அவர்கள் வேலை திருப்தி என்றார்கள், ஆகவே நாமும் அப்படியே வேலை செய்வோம். அப்படியே செய்தார்கள். கொஞ்ச நாளில் கேட்ட கூலி வந்தது. இந்தக் கதையை பிரான்சில் எடுத்துப் பரப்பியவர் எமில் பூஜே என்ற தொழிற்சங்கக்காரர். 1897இல் துலூஸ் நகரில் நடந்த தொழிற்சங்க மாநாட்டில் சபோத்தாஜ் என்ற பெயரிலேயே இதை ஒரு போராட்ட முறையாக ஏற்றுக்கொண்டார்கள். மோசமான கூலிக்கு மோசமான வேலை என்பதுதான் அதன் சாரம். 1910இல் பிரெஞ்சு ரயில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த சமயத்தில்தான் இந்தச் சொல் ஆங்கிலப் பத்திரிகைகளுக்குள் பரவலாக வந்தது. பிறகு இரண்டு உலகப் போர்கள். பாலத்துக்கு வெடி வைப்பது, ரயிலைக் கவிழ்ப்பது எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் வந்து விழுந்தது அப்போதுதான்.

ஆனால் பழைய பொருள் சாகவில்லை. 1944இல் அமெரிக்க உளவுத்துறை, எதிரியின் பிடியில் இருக்கும் ஊர்களில் வாழும் சாதாரண மக்களுக்காக ஒரு கையேடு தயாரித்தது. அதில் வெடி வைக்கச் சொல்லவில்லை. வெட்டும் கருவியை மழுங்க விடு என்கிறது. தீட்டாமல் விட்டுவிட்டால் போதும், வேலை மெதுவாகும், பொருளும் கெடும். அந்த வரியைப் படித்தபோது எனக்கு உளியும் தீட்டுக்கல்லுமாகப் பால்காட்டுக்கு, அதாவது ரப்பர்த் தோட்டத்துக்கு, போன நம் ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

இப்போது தம்பி சொன்னதற்கு வருகிறேன். சபோ பண்ணுகிறவன் உள்ளே இருப்பவன். சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கிறவன், வேலை தெரிந்தவன். வெளியில் இருந்து ஒருவன் வந்து உடைத்தால் அது தாக்குதல். பிறந்த நாளிலிருந்து இந்தச் சொல்லுக்குள் இந்த வேறுபாடு இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் வாயில் அது அப்படியே தங்கியிருப்பது பெரிய விஷயம்.

பழைய பால்காடு

நான் முப்பத்திரண்டு வருடம் கித்தா மரம் வெட்டினவன், அதாவது ரப்பர் மரத்தில் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவன். படித்தவர்கள் பேசுகிற இடத்தில் நானும் ஒன்று சொல்லலாமா என்று யோசித்தேன், ஆனால் அந்த மழுங்கின கருவி என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

மரம் வெட்டுவது என்றால் வெளியாள் நினைப்பது பட்டையைச் சீவுவது, பால் வருவது. பால் எங்கே இருக்கிறது தெரியுமா? பட்டைக்கு உள்பக்கம், மரத்தை ஒட்டினாற்போல. மேலாக வெட்டினால் பால் கம்மி. ஆழமாகப் போகப் போகப் பால் நிறைய. ஆனால் மரத்துக்கும் பட்டைக்கும் நடுவில் ஈரமாக, மெல்லிசாக ஒரு தோல் மாதிரி இருக்கும், அது பட்டால் முடிந்தது. அதனால் ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட்டு வெட்ட வேண்டும். இருட்டில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில், ஒரு மில்லிமீட்டர். அதைக் கைதான் சொல்லும், கண் சொல்லாது. உளி பட்டையில் போகும்போது ஒரு மாதிரி ஓடும், மரத்தைத் தொட்டுவிட்டால் மணிக்கட்டில் சுரீர் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய, காயம் விழுந்துவிட்டது. நாங்கள் அதற்குக் காயம் என்றுதான் சொல்வோம்.

காயம் அன்றைக்குத் தெரியாது. பால் நிறையத்தான் வரும். ஏழெட்டு வருடம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பி வெட்ட வரும்போது பட்டை சமமாக வளர்ந்திருக்காது, முண்டு முண்டாக, கழலை மாதிரி நிற்கும். அதில் உளி ஓடாது. அந்தப் பக்கம் மரம் செத்த மாதிரிதான். அப்போது வெட்டுகிறவன் வேறு ஆளாக இருப்பான், முன்னால் வெட்டினவனைத் திட்டிக்கொண்டே வெட்டுவான்.

கங்காணி நிரையில், அதாவது மர வரிசையில், வந்து காயம் எண்ணுவார். எண்ணிக்கை கூடினால் பெரட்டில், அதாவது காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் இடத்தில், பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், சம்பளத்தில் பிடிப்பார்கள். அவர் கேட்பது ஒரே கேள்விதான்: வேணும்னு செஞ்சியா? அதற்கு என்ன பதில் சொல்வது? பால் கம்மியானால் சம்பளம் கம்மி, அதனால் ஆழமாகப் போட்டேனா? உளி மழுங்கிப் போய்விட்டதா? ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல், தூக்கமில்லையா? இல்லை, முந்தின நாள் என்னை எல்லார் முன்னாலும் கேவலமாகப் பேசினதற்குப் பழி வாங்கினேனா? மரத்தில் எல்லாக் காயமும் ஒரே மாதிரிதான் இருக்கும். அந்தப் பிரெஞ்சு வார்த்தைக்கு மோசமாக வேலை செய்வது என்று அர்த்தம் என்றீர்களே, எனக்கு உடனே புரிந்துவிட்டது.

வேறு மாதிரி வெட்டும் இருக்கிறது. அது எங்கள் அப்பா பார்த்தது. 1948 ஜூன் 16ஆம் தேதி நம் சுங்கை சிப்புட் பக்கத்தில்தான் மூன்று வெள்ளைக்காரத் துரைமாரைச் சுட்டுக் கொன்றார்கள், அதிலிருந்துதான் அவசரகாலம் தொடங்கி 1960 வரைக்கும் போனது. அந்த நாளில் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுக்காரர்கள் ராத்திரியில் வந்து கித்தா மரங்களைப் பாராங் கத்தியால் வெட்டிவிட்டுப் போவார்கள். அப்பா அப்போது வாலிபன். விடியற்காலையில் நிரைக்குப் போனால் வரிசையாக மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கொத்துப்பட்டு, மங்கில், அதாவது பால் ஏந்தும் கிண்ணத்தில், சேர வேண்டிய பால் வேரில் வெள்ளையாக ஓடிக் கிடக்கும். யாரும் அதைக் காயம் என்று சொல்ல மாட்டார்கள். பார்த்தவுடனே தெரியும், வெட்டினவனுக்கு மரம் வெட்டத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் விசாரிக்க வந்தவர்கள் கேட்டது லயத்துக்காரர்களைத்தான். உள்ளே இருந்து எவன் வழி காட்டினான்? அப்பாவோடு வெட்டின ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பி வந்தார், ஆனால் அதற்குப் பிறகு லயத்தில் யாரோடும் உட்கார்ந்து தண்ணி குடிக்கவில்லை என்று அப்பா சொல்வார்.

அம்மா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நாலு பைக்கு ஒரு அறுப்பு என்கிறீர்கள். தொட்டியிலிருந்து வரும் பெரிய குழாய் இருக்குமே, அதை அறுத்தானா? உரத்தொட்டியில் எதையாவது போட்டானா?

மிளகாய்க்காரி

ஐயா, பெரிய குழாயைத் தொடவில்லை. தொட்டி, வடிகட்டி, டைமர் எதிலும் கை வைக்கவில்லை. சின்னக் குழாய்கள் மட்டும்தான். அதுவும் சடக்கை (சாலையை) ஒட்டின ஆறு வரிசையில்தான், உள்ளே இருக்கும் வரிசைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழைய பால்காடு

அப்படியென்றால் நான் நினைத்தது சரிதான் என்று தோன்றுகிறது. அங்கே தினமும் வேலை செய்கிறவனுக்கு எது உயிர்நாடி என்று தெரியும். அவன் கெடுக்க நினைத்திருந்தால் தொட்டிப் பக்கம் போய் ஒரே ஒரு இடத்தில் கை வைத்திருப்பான், ஆறு வரிசைக்குக் குனிந்து குனிந்து முதுகு வலிக்க அறுத்துக்கொண்டு போக மாட்டான். இது வேலை தெரியாதவன் அறுப்பு. சாட்சி சொல்ல நான் யாரும் இல்லை, ஆனாலும் இத்தனை வருடம் கத்தி பிடித்த கை சொல்கிறது.

கோர்ட்டு வாசல்

ஐயா சொன்னதை விசாரணை அதிகாரியிடமும் சொல்லுங்கள், தங்கச்சி. பெரிய குழாயும் தொட்டியும் அப்படியே இருப்பதைப் படம் எடுத்து வையுங்கள். சரிசெய்வதற்கு முன்னால் எடுத்திருந்தால் இன்னும் நல்லது.

ஓய்வு டீச்சர்

நாசவேலையைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, அதனால் நான் வருகிறேன். நாசம் வடமொழியிலிருந்து வந்தது, நம் வாயில் நாசமாய்ப் போக என்று சாபத்திலேயே ஊறிவிட்ட சொல். அதோடு வேலையைச் சேர்த்திருக்கிறோம். பிரெஞ்சுக்காரர் சொல்லிலும் வேலை, நம் சொல்லிலும் வேலை, ஆனால் இரண்டும் வேறு வேறு. அவர்களுடையது, செய்ய வேண்டிய வேலையைக் கெடுத்துச் செய்வது. நம்முடையது, நாசத்தையே ஒரு வேலையாக எடுத்துச் செய்வது. திருட்டு வேலை, சதிவேலை என்கிறோமே, அந்த வேலை. அதனால் நாசவேலை என்று படிக்கும்போது நம் மனதில் தண்டவாளத்தைப் பெயர்க்கிறவன்தான் வருகிறான், வேண்டுமென்றே உளியைத் தீட்டாமல் விட்டவன் வருவதில்லை.

உள்ளிருந்து கெடுப்பதற்குத் தமிழில் பழைய சொல் ஒன்று இருக்கிறது. கீழறுத்தல். நான் வகுப்பில் திருக்குறளின் படைமாட்சி அதிகாரம் நடத்தும்போதெல்லாம் இதற்காகவே கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வேன். 764ஆம் குறள்:

அழிவின்று அறைபோகா தாகி வழிவந்த
வன்க ணதுவே படை.

அறைபோகாதது என்பதற்குப் பரிமேலழகர், பகைவரால் கீழறுக்கப்படாதது என்று பொருள் எழுதுகிறார். கோட்டைச் சுவரை வெளியில் நின்று இடிப்பது ஒரு வகை. உள்ளே காவலுக்கு நிற்கிறவனை விலை பேசிக் கதவைத் திறக்க வைப்பது இன்னொரு வகை, அது கீழறுப்பது. நிற்கிற இடத்துக்குக் கீழே அறுத்துவிட்டால் மேலே எவ்வளவு பலம் இருந்தும் என்ன? அரண் அதிகாரத்திலும் வருகிறது, 747ஆம் குறள். முற்றுகையிட்டும், முற்றுகையிடாமல் தாக்கியும், அறைப்படுத்தியும் பிடிக்க முடியாததுதான் அரண் என்கிறார் வள்ளுவர். படைக்கும் சொன்னவர் கோட்டைக்கும் சொல்கிறார் என்றால் இந்த உள்பயம் எவ்வளவு பழையது பாருங்கள். சபோத்தாஜுக்குத் தமிழ் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், நாசவேலையை இல்லை.

வெளியாள் செய்வதற்கும் ஐரோப்பியர் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பேருந்து நிறுத்தத்தில் கண்ணாடி உடைந்தால் நம் மலாய்ப் பத்திரிகைகள் எழுதுகிற வண்டாலிஸ்மே. 1794இல் பிரெஞ்சுப் புரட்சிக் கூட்டம் கோயில் சிலைகளையும் ஓவியங்களையும் உடைத்தபோது, ஆன்றி கிரெகுவார் என்ற பாதிரியார் அதைக் கண்டித்து உண்டாக்கிய சொல். அந்தச் செயலைக் கொல்வதற்காகவே அந்தச் சொல்லைப் படைத்தேன் என்று பிறகு எழுதினார். 455இல் ரோம் நகருக்குள் புகுந்து பதினான்கு நாள் சூறையாடிய வண்டால் இனத்தாரின் பெயரை எடுத்துத் தன் சொந்த ஊர்க்காரர்கள் செய்த காரியத்துக்கு வைத்தார். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. உடைத்தது பிரெஞ்சுக்காரர்கள், பெயர் கெட்டது எப்போதோ அழிந்துபோன ஓர் இனத்துக்கு.

ஆக, தங்கச்சி, நீங்கள் கேட்ட மூன்றும் ஒன்று இல்லை. சபோவும் பேச்சில் வரும் கியானாட்டும் உள்ளே கையைக் காட்டுகின்றன. நாசவேலையும் வண்டாலிஸ்மேயும் வெளியே காட்டுகின்றன. சட்டத்துக் கியானாட் யாரையும் காட்டவில்லை, அறுந்த குழாயை மட்டும் காட்டுகிறது. எங்கள் பாட்டி ஒரு சொல் சொல்வார், ஆடு வந்து கீரைப் பாத்தியை மேய்ந்தாலும், பேரன் சுவரில் கரியால் கிறுக்கினாலும், "என்ன அழிம்பு பண்ணி வச்சிருக்கு பாரு" என்பார். செய்தது யார் என்று தெரியாத இடத்தில் எனக்கு அந்தச் சொல்தான் நியாயமாகப் படுகிறது.

மிளகாய்க்காரி

எல்லாருக்கும் நன்றி. முந்தாநாள் ராத்திரி அண்ணனிடம் இவை எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அந்த 405, 425 வித்தியாசத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பெரிய குழாய் விஷயம் வந்ததும் ஒன்றும் சொல்லவில்லை, விளக்கை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

சடக்கு ஓரத்தில் ஒரு தட்டி வைக்கலாம், பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லட்டும் என்று ஒரு யோசனை. அதில் என்ன எழுதுவது என்று மகள் கேட்டாள். கியானாட்டும் வேண்டாம் சபோவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "இங்கே மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் போகும் குழாயை யாரோ அறுத்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்" என்று தமிழிலும் மலாயிலும் எழுதுகிறாள்.

நேற்று சாயங்காலம் அண்ணன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுப் பக்கம் போனார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. இன்று காலையில் பசியாற எடுத்துக்கொண்டு போனபோது இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வரிசையில் குனிந்து, அறுந்த குழாய்களுக்கு இணைப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான்காவது வரிசை வரைக்கும் வந்துவிட்டது.